திகதியை முதலே சொல்லிவிடுங்கள்: திருகோணமலைப் பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும்,

வணக்கம். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளின் தாய் நான். ஒருத்தி ஆறாம் தரம், மற்றவன் மூன்றாம் தரம். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாடசாலையின் தவணைப் பரீட்சை, விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு, பெற்றோர் கூட்டம், சனிக்கிழமைப் பாடசாலை இவற்றின் திகதிகளைத் தவணை தொடங்கும் வாரத்திலேயே எழுத்தில் தாருங்கள். தந்த பிறகு, வெள்ளமோ புயலோ வந்தாலன்றி மாற்றாதீர்கள். விடுமுறை என்று அறிவித்த நாட்களில் பாடசாலை வைக்காதீர்கள்.

கேட்டால் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஒரு குடும்பம் சேர்ந்து ஊரை விட்டு நாலு நாள் வெளியே போய்வருவதற்கு இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு முட்டுக்கட்டையாக இருக்கிறது என்பது, பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். வாசலில் கார் நிற்கிற வீட்டில், வெள்ளிக்கிழமை பின்னேரம் நினைத்தால் சனிக்கிழமை விடிய யாழ்ப்பாணத்தில் நிற்கலாம். எங்களுக்கு அது சரிவராது.

உங்கள் கையில் இல்லாதவற்றுக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். தவணை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதைக் கல்வி அமைச்சு தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளைப் பூட்டியதிலிருந்தே நாட்காட்டி தடம் மாறிவிட்டது. 2022இல் எரிபொருள் இல்லாமல் திரும்பவும் பூட்டினார்கள். 2023ஆம் ஆண்டுக்கான வகுப்புகள் மார்ச் கடைசியில்தான் தொடங்கின. 2024இல் பெப்ரவரி 19, 2025இல் ஜனவரி 27. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறோம் என்பது சந்தோஷம்தான். ஆனால் அந்த வருடங்களில் டிசம்பர் என்றால் ஆண்டிறுதி விடுமுறை என்ற நினைப்பே எங்களுக்கு மறந்துபோயிற்று.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக்குரியது 2022 ஜனவரியில் நடந்தது. 2022க்குரியது அதே வருடம் டிசம்பரில். பிறகு 2023இல் ஒக்டோபர், 2024இல் செப்டெம்பர், 2025இல் ஓகஸ்ட் 10. வீட்டில் ஐந்தாம் தரப் பிள்ளை இருந்தால் அந்த வருடம் யாரும் எங்கும் போவதில்லை, கலியாண வீட்டுக்குக்கூடத் தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம் என்று மாறி மாறித்தான் போவார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். பரீட்சைத் திணைக்களம் மாதக்கணக்கில் முன்பே திகதியைச் சொல்லிவிடுகிறதே, அந்த மட்டில் புண்ணியம்.

எங்கள் ஊரில் இதற்கு மேலே இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியூர் அதிகாரிகளுக்கு இது விளங்காது, உங்களுக்கு நன்றாக விளங்கும்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டலிலோ, படகிலோ, சாப்பாட்டுக் கடையிலோ வேலை செய்கிற குடும்பங்கள் எத்தனை! என் கணவரும் ஹோட்டல் வேலைதான். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும், தென்மேற்கு மழை மற்றப் பக்கத்தை நனைக்கும்போது இங்கே வெயில். அந்த மாதங்கள்தான் சீசன். புறாத்தீவுக்குப் படகு ஓடுவதும், திமிங்கிலம் பார்க்க ஆட்கள் போவதும் அப்போதுதான். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை வந்தால் நாட்டில் உள்ள மற்றப் பிள்ளைகள் எல்லாம் தாய் தகப்பனோடு திருகோணமலைக்கு வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் தகப்பன்மார் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டு நிற்கிறார்கள். ஓகஸ்டில் லீவு கேட்டால் முகாமையாளர் சிரிப்பார். அவர் சிரிப்பதும் நியாயம்தான்.

ஏப்ரல் புத்தாண்டுக்கும் அதே கதை. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் வாளி வைக்க இடமிருக்காது, கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வீதியில் வான் வரிசை கோட்டை வாசல் வரை நிற்கும். ஊருக்குள் வருகிற பஸ்ஸும் நிரம்பி வரும், ஊரை விட்டுப் போகிற பஸ்ஸும் நிரம்பிப் போகும்.

சரி, டிசம்பர்? கணவருக்கு வேலை குறைவு, லீவும் கிடைக்கும். ஆனால் அது எங்கள் மாரி. வடகீழ்ப் பருவமழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மகாவலி பெருகி மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கமெல்லாம் என்ன பாடுபட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலருடைய பாடசாலைகளிலேயே சனம் தங்கியிருந்தது. உயர்தரப் பரீட்சையே இடையில் நின்று மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. இப்படியான நேரத்தில் திகதி கேட்டு யாரும் உங்களைத் தொந்தரவு செய்யப் போவதில்லை.

ஆக எங்களுக்கு மிஞ்சுவது என்ன? விடுமுறையின் ஓரங்கள். தவணை முடிகிற கடைசி வாரத்தின் சில நாட்கள், ஒரு நீண்ட வார இறுதி, போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் அதோடு ஒட்டி வரும் மூன்று நாள். அந்த ஓரங்களை வைத்துத்தான் எங்கள் குடும்பப் பயணம் முழுக்க ஓடுகிறது. அந்த ஓரங்களைத்தான் உங்கள் திடீர் அறிவித்தல்கள் தின்கின்றன.

எப்படி என்று சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வரும். பின்னால் மின்விசிறிச் சத்தம். "பெற்றோர் கவனத்துக்கு, வியாழக்கிழமை நடக்க இருந்த கணிதப் பாடப் பரீட்சை திங்கட்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது, பிள்ளைகளுக்கு அறிவிக்கவும்." அவ்வளவுதான். அடுத்த நிமிடம் கும்பிடுகிற கை, கட்டைவிரல், "நன்றி டீச்சர்" என்று இருபது பேர். நன்றி சொன்ன அந்த இருபது பேரில் எத்தனை வீட்டில் அந்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கான ரிக்கெட் அலுமாரிக்குள் கிடந்ததோ தெரியாது. எங்கள் வீட்டில் கிடந்தது.

அந்த ரிக்கெட் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கொழும்புக்குப் போகிற இரவு ரயிலில் ஆசனம் வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே முற்பதிவு திறக்கிறது. நீண்ட வார இறுதி என்றால் திறந்த அன்றைக்கே பார்க்க வேண்டும், பிறகு பார்த்தால் இல்லை. ஆசனம் இல்லாமல் பிள்ளைகளோடு ஏறினால் கந்தளாய் தாண்டிக் கல்ஓயாச் சந்திக்கு வரும்போதே சின்னவன் யாரோ ஒருவருடைய பயணப்பையின் மேல் நித்திரை. கடைசி நேரத்தில் ரத்துச் செய்தால் காசும் கையில் முழுசாக வராது. ஆக ஒரு மாதத்துக்கு முன்பு நாங்கள் திகதியில் நிச்சயமாக இருக்க வேண்டும். பாடசாலையோ மூன்று நாளைக்கு முன்பு திகதியை மாற்றுகிறது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

லீவும் அப்படித்தான். அரச உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கு 45 நாள் லீவு இருக்கிறது, கொஞ்சம் முன்னுக்குப் பின் வந்தாலும் சமாளிப்பார்கள். கடையிலும் கம்பனியிலும் நிற்கிற எங்களுக்கு வருடாந்த லீவு 14 நாள். அதில் நாலு நாளை எப்போது எடுக்கப் போகிறோம் என்று முதலாளியிடம் நேரத்தோடு சொல்லி, மாற்றாக நிற்க ஓர் ஆளைப் பிடித்து, அவரிடம் "கட்டாயம் வருவீங்கதானே" என்று இரண்டு தடவை கேட்ட பிறகு, திகதி மாறிவிட்டது என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

தீபாவளிக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் தீபாவளி நெருங்க நெருங்க எல்லாத் தமிழ் வீட்டிலும் ஒரே கேள்வி: மறுநாள் லீவு விடுவார்களா? விட்டால் பதிலுக்கு எந்தச் சனிக்கிழமை பாடசாலை? சில நாட்களுக்கு முன்புவரை ஒருவருக்கும் தெரியாது. தீபாவளி என்ன திடீரென்று வருகிற விருந்தாளியா? பஞ்சாங்கம் சித்திரைக்கு முன்பே அச்சாகிக் கடையில் தொங்குகிறது. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் எப்போதாவது ஒரு நாள் இழுபறி இருக்கலாம், அது ஐயர்மாரின் சண்டை. அரசாங்க விடுமுறைப் பட்டியல் முந்தின வருடமே வெளிவந்துவிடுகிறது. தைப்பொங்கல், சிவராத்திரி, தீபாவளி இவை எந்தக் கிழமையில் வருகின்றன என்பதைப் பார்த்து, "மறுநாள் விடுமுறை கிடைத்தால் பதில் பாடசாலை இந்தச் சனிக்கிழமையில்தான்" என்று ஜனவரியிலேயே ஒரு வரி எழுதி வைக்க முடியாதா? மாகாண அறிவித்தல் பிறகு வரட்டும். வந்தால் அந்த வரி நடைமுறைக்கு வரும், வராவிட்டால் அந்தச் சனிக்கிழமை எங்களுக்குச் சொந்தம்.

உங்கள் ஆசிரியர்களுக்கும் இது நல்லதுதானே. மட்டக்களப்பிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கிப் படிப்பிக்கிற ஆசிரியைகள் வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு மணி அடித்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். திடீர்ச் சனிக்கிழமை அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்தும் ஒரு வாரத்தைப் பறிக்கிறது. இன்னும் சிக்கலான வீடுகளும் உண்டு. தாய் கிண்ணியாவில் முஸ்லிம் பாடசாலையில் ஆசிரியை, பிள்ளை நகரத்தில் தமிழ்ப் பாடசாலையில். தாயின் பாடசாலைக்கு நோன்பு விடுமுறை, பிள்ளைக்கு அந்த நேரம் பரீட்சை. பிள்ளைக்கு விடுமுறை வரும்போது தாய் வகுப்பில். இரண்டு நாட்காட்டிகளையும் நீங்கள் ஒன்றாக்க முடியாது, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. இரண்டு பாடசாலைகளும் தங்கள் திகதிகளை முதலே தந்துவிட்டால், எங்காவது இரண்டும் ஒத்துப்போகிற நாலு நாளை அந்தத் தாய் தானே தேடிக் கண்டுபிடிப்பாள்.

திகதி தெரியாததால் நடக்கிற இன்னொரு காரியத்தையும் பேச வேண்டும். "என் மகளுக்குக் காய்ச்சல் காரணமாகக் கடந்த மூன்று தினங்களும் பாடசாலைக்குச் சமுகமளிக்க முடியவில்லை என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்." இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வாரத்துக்கு எத்தனை வருகிறது? அதில் பாதிக் காய்ச்சல் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒரு கலியாண மண்டபத்தில் ஐஸ்கிறீம் சாப்பிட்ட காய்ச்சல் என்று உங்களுக்கும் தெரியும். கடிதம் எழுதுவது பெற்றோர். ஆனால் பொய்யை வகுப்பில் நின்று காப்பாற்ற வேண்டியது பிள்ளை. கையில் மருதாணி காயாமல் இருக்கும்போது ஆசிரியை "இப்ப சுகமா?" என்று கேட்க, "ஓம் டீச்சர்" என்று தலையைக் குனிகிற ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்தால் பாவமாக இருக்கும். "குடும்ப நிகழ்வுக்காக இரண்டு நாள் வரமாட்டாள், விடுபட்ட பாடத்தை எழுதி முடிப்பாள்" என்று உள்ளதை எழுதினால் ஏற்றுக்கொள்வோம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உயர்தர மாணவருக்கு 80 வீத வரவு வேண்டும் என்பது தெரியும், அவர்களைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் தரத்துப் பிள்ளை வருடத்தில் இரண்டு நாள் விட்டால் குடி முழுகிவிடாது.

லண்டனில் இருக்கிற என் மச்சாள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அங்கே இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் தவணைக்குள் பிள்ளையைப் பயணம் கூட்டிப்போனால் தண்டம் கட்ட வேண்டும். 2024 ஓகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண், நேரத்துக்குக் கட்டாவிட்டால் 160. "நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள்" என்றாள். ஆனால் அதே மச்சாள் அடுத்த வருட ஓகஸ்டுக்கு விமான ரிக்கெட்டை இந்த வருடமே எடுத்துவிடுகிறாள், ஏனென்றால் தவணைத் திகதிகள் அங்கே ஒரு வருடத்துக்கும் மேலாக முன்கூட்டியே கிடைக்கின்றன. தண்டம் போடுகிறார்கள், அதற்கு முன்பு திகதியையும் கையில் கொடுக்கிறார்கள். இங்கே தண்டம் வேண்டாம், திகதியை மட்டும் தாருங்கள்.

மச்சாள் குடும்பம் அங்கத்தைய கோடை விடுமுறையில் ஆறு வாரம் வந்து நிற்பார்கள். முன்பென்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் ஓகஸ்ட் முழுக்க விடுமுறை, 2018இல்கூட ஒரு மாதம் கிடைத்தது. 2025இல் பத்து நாள் அளவில் முடிந்துவிட்டது. நல்லூர்த் தேர் ஓகஸ்ட் 21 வந்தபோது இங்கே மூன்றாம் தவணை தொடங்கியிருந்தது. மச்சாளின் பிள்ளைகள் தேர் பார்த்தார்கள், எங்கள் பிள்ளைகள் கைபேசியில் பார்த்தார்கள். இதுவும் உங்கள் பிழை இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளிலும் "விடுமுறைக் கால விசேட வகுப்பு" என்று மூன்று நாளை எடுத்தால் அது உங்கள் கணக்கில்தான் சேரும். தனியார் வகுப்பு ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பாடசாலை மூடிய அன்றைக்கே முழுநாள் வகுப்பு தொடங்குகிறீர்கள், வராத பிள்ளைக்கு அந்தப் பகுதி திரும்பப் படிப்பிக்கப்படாது என்கிறீர்கள். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் சரி என்று வைப்போம். ஆறாம் தரத்துக்கு என்ன அவசரம்?

"பயணம் முக்கியமா, படிப்பு முக்கியமா?" என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டவர் பெரிய மனுசன், அதனால் யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். நாங்கள் நுவரெலியாவில் குதிரை ஓடப் போகிறவர்கள் இல்லை, போனாலும் அதில் பிழை இல்லை என்பது வேறு கதை. எங்கள் பயணம் பெரும்பாலும் சொந்தக்காரரிடம்தான். என் அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார். திருகோணமலையில் பஸ் ஏறி, ஹொரவப்பொத்தானை தாண்டி, வவுனியாவில் இறங்கிப் பிள்ளைகளுக்குத் தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்து, திரும்ப ஏறி, ஒரு கையில் தேசிக்காயும் மறு கையில் சொப்பிங் பையும் வைத்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்விக்கு ஆனையிறவு வரும்வரை பதில் சொல்லி, அப்படிப் போய்ச் சேர்கிற பயணம் அது. ஒரு பகல் போக, ஒரு பகல் வர. நடுவில் இரண்டு நாளாவது நின்றால்தான் போனதற்கு அர்த்தம். அதனால்தான் எங்களுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் வேண்டும், மூன்று போதாது. இந்தக் கணக்கைக் கார் வைத்திருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்.

போன இடத்தில் பிள்ளை ஒன்றும் படிக்காமல் இருப்பதும் இல்லை. அம்மம்மாவோடு முற்றத்தில் இருந்து பனங்கிழங்கு உரித்தபடி பழைய கதை கேட்கிறாள். ஆனையிறவில் உப்பளத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்கிறாள். இதைச் சுற்றாடல் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கவில்லை. சும்மா சொன்னேன்.

"திகதியை எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாமல் போய்விடுமே" என்பது உங்கள் பக்கத்துக் கவலை என்று ஓர் அதிபர் என்னிடம் நேரிலேயே சொன்னார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து திடீரென்று ஒரு போட்டி வரும், பிரதம விருந்தினருக்கு நேரம் கிடைக்காது, வினாத்தாள் பிந்தி வரும். உண்மைதான், அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. நிச்சயமான திகதியை நிச்சயம் என்று எழுதுங்கள். மாறக்கூடியதை மாறக்கூடியது என்று எழுதி, மாறினால் எந்த வாரத்துக்குள் போகும் என்றும் எழுதுங்கள். மாறினாலும் விடுமுறைக்குள் போகாது, நீண்ட வார இறுதிக்கு மறுநாளுக்குப் போகாது என்ற ஓர் உறுதி இருந்தால் எங்களுக்குப் போதும். பிரதம விருந்தினருக்கு நேரமில்லாவிட்டால் வேறு விருந்தினரைக் கூப்பிடலாம். பிள்ளைகளுக்கு யார் வந்தாலும் ஒன்றுதான், அவர்கள் பார்ப்பது கேடயத்தை.

ஒரு தாள் போதும். முதல் வாரத்தில் பிள்ளையின் கொப்பியில் ஒட்டிவிடுங்கள், அதே தாளை வாசல் அறிவித்தல் பலகையிலும் குத்திவிடுங்கள். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளும் உங்கள் பாடசாலையில் இருக்கின்றன, தாய் வெளிநாட்டில் இருக்க அப்பம்மாவோடு வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குரல் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேருவதே இல்லை. அபிவிருத்திச் சங்கத்தார் விரும்பினால் அச்சடிக்கிற செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தட்டச்சுச் செய்து தரவும் நான் தயார், என் வேலையே அதுதான்.

அடுத்த தவணைக்கான தாளை இந்தத் தவணைப் பரீட்சை முடிந்தவுடன் தந்தாலும் நல்லது. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் ஹோட்டலில் ஆட்கள் குறைவு, மழையும் விட்டிருக்கும். சிவராத்திரியை ஒட்டி ஒரு நாலு நாள் அமையுமா என்று கணவர் இப்போதே கேட்கிறார். பஸ்ஸைப் பற்றி அவர் விசாரித்துவிட்டார். விளையாட்டுப் போட்டி எப்போது என்று மட்டும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் தரத்திலும் ஆறாம் தரத்திலும் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.